எதிர்மின் அயனிக் கற்றைக்குக் குட்டி ஸ்பெக்ட்ரோமீட்டர் போதுமா? பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

சரி, தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். யூஎஸ்பி வயரில் கணினியோடு சேரும் குட்டி ஃபைபர் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது ஃபைபரில் வரும் ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துக் காட்டும் பெட்டி, அயனி சோர்ஸுக்குள் (அயனிகளை உண்டாக்கும் பிளாஸ்மா அறைக்குள்) என்ன நடக்கிறது என்று தினமும் கண்காணிக்க அருமையான பொருள், கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. அதே பெட்டியை வைத்து வெளியே வரும் கற்றை எவ்வளவு விரிகிறது என்றும் அளந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள், அது இந்தப் பெட்டியால் முடியாத காரியம். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. சோர்ஸ் வேலைக்கு மட்டும் என்றால் நாலரை, கற்றை வேலைக்கு என்றால் ஒன்று கொடுப்பதே அதிகம்.

பிராண்ட் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. சந்தையில் கிடைக்கும் இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் உள்ளே ஏறக்குறைய ஒரே அமைப்புதான்: ஒரு நுண்ணிய பிளவு, இரண்டு கண்ணாடி, ஒளியைப் பிரிக்கும் நகராத ஒரு கிரேட்டிங் (நெருக்கமாகக் கோடு கீறிய தகடு), 2048 பிக்சல் கொண்ட ஒற்றை வரிசை சிசிடி ஒளியுணரி. டிபன் பாக்ஸில் பாதி அளவு. நகரும் பாகம் எதுவும் கிடையாது. எங்களிடம் இருப்பது 350 முதல் 1000 நானோமீட்டர் வரை பார்க்கும் மாடல், 25 மைக்ரான் பிளவு. அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்தும் விஷயம் இல்லை, இந்த ரகத்துக்கே பொருந்தும்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணுக்கரு இணைவு உலையில் பிளாஸ்மாவை, அதாவது அயனியாகிப்போன வாயுவை, சூடாக்க வேகமான ஹைட்ரஜன் அல்லது டியூட்டீரியம் அணுக்களை உள்ளே சுடுகிறார்கள். மின்னூட்டம் இருந்தால் உலையின் காந்தப்புலம் தடுத்துவிடும், ஆகவே முதலில் அயனியாக முடுக்கி, பிறகு நடுநிலையாக்கி அனுப்ப வேண்டும். 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டிவிட்டால் நேர்மின் அயனிகளை நடுநிலையாக்குவது மிகவும் கஷ்டம், எதிர்மின் அயனியில் கூடுதலாக ஒட்டியிருக்கும் எலக்ட்ரானைத் தட்டிவிடுவது சுலபம், அதன் பிணைப்பே 0.75 எலக்ட்ரான்வோல்ட்தான். பிரான்ஸில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் உலைக்குத் தேவைப்படுவது 10 லட்சம் எலக்ட்ரான்வோல்ட்டில் 40 ஆம்பியர் டியூட்டீரியம் அயனிக் கற்றை, ஒரு இன்ஜெக்டருக்கு 16.5 மெகாவாட், தொடர்ந்து ஒரு மணி நேரம். ஜப்பானில் ஜேடி-60யூ, எல்எச்டி என்ற இரண்டு இணைவு ஆய்வுக் கருவிகளும் தொண்ணூறுகளிலேயே எதிர்மின் அயனிக் கற்றையைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டன. ஈட்டருக்கான சோர்ஸை ரேடியோ அலை கொண்டு இயக்குவது என்று 2007இல் முடிவானது, ஜெர்மனியில் கார்ஷிங்கில் வளர்த்தெடுத்த வடிவம் அது. இன்று இத்தாலியின் படோவாவில் ஸ்பைடர், கார்ஷிங்கில் எலிஸ், நம் காந்திநகரில் ராபின் என்று சோதனைச் சோர்ஸ்களை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஈட்டரின் பிளாஸ்மாவை அளப்பதற்கான 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கற்றையைக் கொடுக்கும் பொறுப்பு இந்தியாவுடையது.

இதில் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு என்ன வேலை? சோர்ஸ் மொத்தமும் உயர் மின்னழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். உள்ளே சீசியம் பூசிய சுவர்கள். கம்பி ஒன்றை உள்ளே நுழைத்து அளக்கலாம்தான், ஆனால் அது பிளாஸ்மாவையே கெடுக்கும், சீசியம் படிந்து தானும் கெடும். ஒளி மட்டும்தான் யாரையும் தொந்தரவு செய்யாமல், கண்ணாடி ஜன்னல் வழியாக, ஃபைபரில் ஏறி, 100 கிலோவோல்ட் வித்தியாசத்தைச் சட்டை செய்யாமல் தரைக்கு வந்து சேரும். ஆகவே எந்தச் சோர்ஸை எடுத்தாலும் அதில் முதலில் மாட்டும் கருவிகளில் இது ஒன்றாக இருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பிளாஸ்மாவைப் பற்றவைத்து, பெட்டியை 100 மில்லிசெகண்டுக்கு ஒரு படம் என்று ஓடவிட்டால், ஒரே திரையில் ஹைட்ரஜனின் மொத்தக் குடும்பமும் வந்து நிற்கும். 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் எச்-ஆல்ஃபா, 486.1இல் எச்-பீட்டா, 434இல் எச்-காமா, நடுவில் 600இலிருந்து 640 வரை மூலக்கூறு ஹைட்ரஜனின் ஃபுல்கர் பட்டை ஒரு மேடு மாதிரி. இதில் எச்-ஆல்ஃபாவுக்கும் எச்-பீட்டாவுக்கும் உள்ள விகிதம் சும்மா அழகுக்கு இல்லை. எதிர்மின் அயனியும் நேர்மின் அயனியும் மோதி ஒன்றையொன்று நடுநிலையாக்கும்போது அணு மூன்றாவது நிலைக்குப் போய் நிற்கும், அங்கிருந்து இறங்கும்போது வருவது எச்-ஆல்ஃபா. எதிர்மின் அயனி கூடினால் எச்-ஆல்ஃபா மட்டும் தனியாகக் கொஞ்சம் தூக்கும். அயனிகள் வெளியேறும் துளைத் தகடான கிரிட் பக்கம் பார்க்கும் ஃபைபரில் இந்த விகிதம் ஏறுவதைப் பார்த்தால் சோர்ஸ் வழிக்கு வருகிறது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். ஓரளவுக்குத்தான். எலக்ட்ரான் அடர்த்தியும் வெப்பநிலையும் மாறினாலும் விகிதம் மாறும், அதற்குக் கணக்கு மாடல் போட்டுப் பார்க்க வேண்டும், தீவிர அளவீட்டுக்கு கேவிட்டி ரிங்-டவுன் என்று லேசர் முறை தனியாக இருக்கிறது.

எங்களுக்குப் பெட்டியின் விலையை முதல் மாதத்திலேயே சம்பாதித்துக் கொடுத்தது சீசியம் கோடு. 852.1 நானோமீட்டர். எதிர்மின் அயனி போதுமான அளவு கிடைக்க வேண்டுமென்றால் பிளாஸ்மா கிரிட்டின் மேல் சீசியம் படிந்து அதன் வேலைச் சார்பை, அதாவது ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றலை, குறைக்க வேண்டும், அப்போதுதான் கிரிட்டில் மோதும் ஹைட்ரஜன் அணு ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு திரும்பும். சீசியத்தை ஆவியாக்கி விடும் ஓவனின் வால்வைத் திறந்ததும் உடனே எதுவும் நடக்காது. ஷாட் ஷாட்டாக, அதாவது பிளாஸ்மாவை ஒவ்வொரு தடவையாக ஏற்றி அணைத்து, போகப் போக, இரைச்சலுக்குள் மறைந்திருந்த 852 கோடு முதலில் ஒரு பிக்சல், பிறகு மூன்று நான்கு பிக்சல் அகலத்துக்கு மெல்லத் தலை தூக்கும். பக்கத்துத் திரையில் கூடவே இழுபட்டு வரும் எலக்ட்ரான் மின்னோட்டம் குறைய ஆரம்பிக்கும், அயனி மின்னோட்டம் ஏறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஓவனை எப்போது குறைக்கலாம் என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதற்கு முன்பெல்லாம் சீசியத்தை அள்ளி விட்டுவிட்டு, உயர் மின்னழுத்தத்தில் பிரேக்டவுனாக (மின்பொறி தாவுவதாக) வாங்கிக் கட்டிக்கொண்டு, அப்புறம் சோர்ஸைத் திறந்து துடைப்பதுதான் வழக்கம்.

இங்கே வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொறி இருக்கிறது. இந்தப் பெட்டிகளில் அதிகம் விற்கும் இன்னொரு மாடல் 200 முதல் 850 வரை பார்க்கும். புற ஊதாவும் தெரியுமே, 308 பக்கம் ஓஎச் பட்டையைப் பார்த்துத் தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடிக்கலாமே என்று ஆசைப்பட்டு அதை வாங்கினால், சீசியம் கோடு வெறும் 2 நானோமீட்டர் தள்ளி வெளியே போய் உட்கார்ந்துகொள்ளும். 455.5இல் சீசியத்துக்கு இன்னொரு கோடு உண்டு, ஆனால் அது 852 மாதிரி பளிச்சென்று இருக்காது. தண்ணீர் விஷயத்துக்கு 350 முதல் 1000 மாடலே போதும், 777லும் 844.6லும் ஆக்சிஜன் எட்டிப் பார்த்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். செம்புக்கும் அப்படித்தான், 325 பக்கம் இருக்கும் பலமான கோடுகள் போனாலும் 510.6, 515.3, 521.8 என்று பச்சையில் மூன்று கோடு இருக்கிறது, அவை வந்தால் உள்ளே எங்கோ செம்பு அரிபடுகிறது.

கிரேட்டிங் என்றால் இரண்டாம் வரிசை ஒளி என்ற தொல்லையும் உண்டு, அதாவது ஒரு கோடு இருமடங்கு அலைநீளத்திலும் தலைகாட்டும். 434இல் இருக்கும் எச்-காமா, வடிகட்டி இல்லாத பெட்டியில் 868இல் பொய்யாக ஒரு கோடு போடும். 852க்குப் பக்கத்தில். சீசியம் போடாத சோர்ஸிலேயே அகச்சிவப்புப் பக்கம் ஏதோ தெரிகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆர்டர் சார்ட்டிங் ஃபில்டரைக் கூடுதல் காசுக்கு விற்கிறார்கள், சத்தம் போடாமல் வாங்கிவிடுங்கள்.

குறை என்று பார்த்தால், பிளாஸ்மா அணைந்த அடுத்த நொடியிலிருந்து இந்தப் பெட்டிக்குக் கண் தெரியாது. ஒளி இல்லையென்றால் அதற்கு வேலை இல்லை. சீசியம் எப்படி நகர்கிறது என்பதில் பாதிக் கதை இரண்டு ஷாட்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நடக்கிறது, அதைப் பார்க்க 852இல் டயோடு லேசர் உறிஞ்சல் முறைதான் வேண்டும். பிளாஸ்மா எரியும்போதுகூட சீசியத்தில் பெரும்பங்கு அயனியாகிப் போயிருக்கும், நாம் பார்ப்பது மிச்சமிருக்கும் நடுநிலை அணுவின் ஒளியை. அதனால் 852 கோட்டின் உயரத்தை அடர்த்தி என்று எழுதி அறிக்கையில் போடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். போக்கு தெரியும், அவ்வளவுதான்.

இன்னொன்று, எச்-ஆல்ஃபா மற்றதையெல்லாம் விடப் பல மடங்கு பிரகாசம். சீசியம் நன்றாகத் தெரியட்டும் என்று எக்ஸ்போஷரைக் கூட்டினால் எச்-ஆல்ஃபா உச்சியில் மொட்டையாகிவிடும், அதன் பிறகு விகிதம் போடுவதில் அர்த்தமில்லை. எக்ஸ்போஷரை மாற்றி மாற்றி எடுக்கும் வசதி பெட்டியோடு வரும் மென்பொருளில் உருப்படியாக இல்லை, பைத்தான் நிரல்மொழியில் நாங்களே எழுதிக்கொண்டோம். நூலகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஓரளவு நிரல் தெரிந்த மாணவர் ஒருவர் இருந்தால் போதும். மென்பொருளுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்து இரைச்சல். சோர்ஸை ஓட்டும் ரேடியோ அலை 1 மெகாஹெர்ட்ஸ், பத்துக்கணக்கான கிலோவாட்டில் பக்கத்தில் ஓடுகிறது. பெட்டியைச் சோர்ஸுக்கு அருகிலேயே வைத்து நீளமான யூஎஸ்பி வயர் இழுத்தால் பிளாஸ்மா பற்றிய கணத்தில் கணினி பெட்டியை மறந்துவிடும். கிரிட்டில் ஒரு பிரேக்டவுன் வந்தால் கணினியே உறைந்துவிடும். இதற்குப் பெட்டியைக் குறை சொல்வது நியாயமில்லை, அது கல்லூரி ஆய்வகத்துக்கும் மருந்துக் கம்பெனிக்கும் செய்த பொருள். தீர்வு என்னவென்றால் ஃபைபரை நீட்டுவது, யூஎஸ்பியை நீட்டக்கூடாது. பெட்டியைப் பாதுகாப்புக் கூண்டுக்கு வெளியே கட்டுப்பாட்டு அறையில் வைத்து, 400 மைக்ரான் உள்ளகம் கொண்ட சிலிக்கா ஃபைபரை அங்கிருந்து சோர்ஸ்வரை இழுத்துவிட்டோம், அதற்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை. நீளம் கூடினால் புற ஊதா ஒளி ஃபைபருக்குள்ளேயே கரைந்துபோகும் என்பதால் 200 நானோமீட்டர் மாடல் வாங்காமல் விட்டதில் வருத்தமும் இல்லை.

இப்போது வம்பான பகுதிக்கு வருவோம். கற்றை.

கற்றையில் பறக்கும் அணு பின்னணி வாயுவோடு மோதி ஒளிவிடும். வேகமாகப் பறப்பதால் அந்த எச்-ஆல்ஃபா டாப்ளர் விளைவால் இடம் மாறி நிற்கும், நம்மை நோக்கி வந்தால் நீலப் பக்கம், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஹைட்ரஜன் அணுவின் வேகம் ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கற்றைக்கு 60 டிகிரி கோணத்தில் பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால் கோடு ஏறக்குறைய 3.4 நானோமீட்டர் தள்ளி வந்து விழும். இதைக் குட்டிப் பெட்டி பார்க்குமா? பார்க்கும். 10, 11 பிக்சல் தூரம். ஒளி குறைவு என்பதால் ஒரு நொடி, இரண்டு நொடி எக்ஸ்போஷர் வைக்க வேண்டியிருக்கும், குளிரூட்டாத சிசிடி என்பதால் இரைச்சலும் கூடவே ஏறும், இருந்தாலும் எச்-ஆல்ஃபாவுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன முகடு தெரியும். முதல் தடவை அதைத் திரையில் பார்த்தபோது லேபில் இருந்த அத்தனை பேரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். கற்றை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லிவிடும்.

ஆனால் யாரும் அதற்காக இந்த அளவீட்டைச் செய்வதில்லை. கற்றை இருக்கிறது என்று அது மோதும் இடத்தில் சூட்டை அளக்கும் கலோரிமீட்டரே சொல்லிவிடும். நமக்கு வேண்டியது அந்த முகட்டின் அகலம். கற்றையில் எல்லா அணுவும் ஒரே திசையில் போனால் முகடு ஒடுங்கி இருக்கும், ஆளுக்கொரு திசையில் சற்றே விலகிப் போனால் முகடு அகலும். ஈட்டருக்கு ஒவ்வொரு சிறு கற்றையின் விரிவும் 7 மில்லிரேடியனுக்குள் (மில்லிரேடியன் என்பது கோண அளவு, ரேடியனில் ஆயிரத்தில் ஒன்று) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை தூரம் பயணித்து உலையின் வாயில் நுழைவதற்குள் சுவரில் உரசிச் சூடாக்கிவிடும். ரேடியோ அலை சோர்ஸ்களில் அளந்தால் விரிவு இதைவிடக் கூடுதலாக வருகிறது, சூடான இழையால் பிளாஸ்மா உண்டாக்கும் பழைய வகைச் சோர்ஸில் அந்தளவு இல்லை, ஏன் என்பது இன்று இந்தத் துறையில் சூடான கேள்வி. ஆக விரிவை அளப்பதுதான் மொத்த விஷயத்தின் அடிமடி.

கணக்கு போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன அதே 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட், 60 டிகிரி. விரிவு 10 மில்லிரேடியன் என்றால் அதனால் முகட்டில் பாதி உயரத்தில் வரும் அகலம் ஏறக்குறைய 0.1 நானோமீட்டர். 7 மில்லிரேடியன் என்றால் 0.07. எங்கள் பெட்டியின் சொந்த அகலம், அதாவது அகலமே இல்லாத ஒரு கோட்டைக் காட்டினாலும் அது வரையும் அகலம், 1.4 நானோமீட்டர். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 1.4 என்பது 1.4036 ஆகிறது. ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. விரிவு 20 மில்லிரேடியனாக, அதாவது படுமோசமாகப் போனாலும் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குதான். ஏசி நின்று அறை சூடானாலே கோடு அதைவிட அதிகமாக நகர்கிறது.

இங்கேதான் எனக்கு விற்பனையாளர் மேல் கோபம். பெயர் வேண்டாம். கற்றை விரிவு அளக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கேட்டதற்கு, ரெசல்யூஷன் 0.3 நானோமீட்டர், தாராளமாகப் போதும் சார் என்று பதில் வந்தது. அந்த 0.3 என்பது 650 நானோமீட்டரை 2048 பிக்சலால் வகுத்தால் வரும் எண், ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் உள்ள இடைவெளி. ரெசல்யூஷன் அல்ல. ஒரு கோடு நான்கைந்து பிக்சலில் பரவி விழுகிறது, அதுதான் 1.4. விவர அட்டையில் இரண்டு எண்ணும் வேறு வேறு வரியில் ஒழுங்காகத்தான் அச்சாகியிருந்தது, ஆனால் வாய்மொழியில் எது வசதியோ அதை எடுத்துவிட்டார். போகட்டும், 0.3 உண்மையாகவே இருந்தாலும் போதாது என்பது வேறு விஷயம்.

அதே கம்பெனிகள் குறுகிய எல்லை மாடலும் விற்கின்றன. 600 முதல் 700 வரை மட்டும் பார்க்கும், நெருக்கமான கிரேட்டிங், 10 மைக்ரான் பிளவு, சொந்த அகலம் 0.2 நானோமீட்டர் பக்கம். இதை வேறொரு குழுவிடம் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தோம். 10 மில்லிரேடியன் விரிவு அதில் முகட்டைச் சுமார் பத்தில் ஒரு பங்கு அகலப்படுத்தும், 20க்குப் போனால் நன்றாகவே தெரியும். அதாவது மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது கற்றை எங்கே ஒடுங்குகிறது, எங்கே பிதுங்குகிறது என்ற போக்கு கிடைக்கும், எண் கிடைக்காது. அதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. எதிர்மின் அயனி முடுக்கியின் நடுவிலேயே எலக்ட்ரானை இழந்துவிட்டால் அங்கேயே முடுக்கம் நின்றுபோகும், குறைந்த வேகத்தோடு வெளியே வரும். ஈட்டர் அளவிலான முடுக்கியில் இப்படி இழப்பது 30 சதவீதம் வரை போகும் என்று எதிர்பார்க்கிறார்கள். முதல் கிரிட் இடைவெளியில் 8 கிலோவோல்ட் என்றால் அங்கே எலக்ட்ரானை இழந்த அணுவின் ஒளி எச்-ஆல்ஃபாவிலிருந்து 1.36 நானோமீட்டர் தள்ளி விழும். எங்கள் 350 முதல் 1000 பெட்டியில் இது எச்-ஆல்ஃபாவின் அடிவாரத்துக்குள் புதைந்துவிடும், குறுகிய மாடலில் தனி முகடாக எழுந்து நிற்கிறது. பிளவு குறுகியதால் ஒளி இன்னும் குறைந்து, பொறுமையைச் சோதிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உண்மையாக விரிவை அளக்க வேண்டுமென்றால் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் குவியத் தூரம் கொண்ட பெரிய செர்னி-டர்னர் வகை ஸ்பெக்ட்ரோமீட்டரும், குளிரூட்டிய இருபரிமாண சிசிடியும்தான் வழி. ஒரு மீட்டர் கருவியில் 1200 கோடு கிரேட்டிங்கும் 13 மைக்ரான் பிக்சலும் இருந்தால் பிக்சலுக்கு 0.01 நானோமீட்டர் கிடைக்கும். அது எங்கள் பெட்டியைவிட முப்பது மடங்கு நுணுக்கம். அதைவிடப் பெரிய லாபம், பிளவின் நெடுக ஃபைபர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே ஷாட்டில் கற்றையின் பல உயரங்களைப் பார்த்துவிடலாம். ஈட்டரின் சோர்ஸில் 1280 துளை, ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், அத்தனையிலும் மின்னோட்டம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக்கூடாது, ஒற்றை ஃபைபரை வைத்துக்கொண்டு அதைப்பற்றிப் பேசவே முடியாது. குட்டிப் பெட்டிகளையே பத்து வாங்கி அடுக்கினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் ஒவ்வொரு பெட்டியின் உணர்திறனும் ஒவ்வொரு மாதிரி, பத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்துவதற்குள் ஒருவருக்கு ஆயுசு முடிந்துவிடும்.

பெரிய கருவி வாங்கினாலும் முன்பக்க லென்ஸில் சறுக்குகிறவர்கள் உண்டு. ஒளி நிறைய வேண்டும் என்று அகலமான லென்ஸ் வைத்தால் அது ஒரே கோணத்தில் பார்க்காமல் பல கோணங்களை ஒன்றாக அள்ளும், கோணம் மாறினால் டாப்ளரும் மாறும், முகடு தானாகவே அகலும். கற்றையின் விரிவும் லென்ஸின் கோணப் பரப்பும் முகட்டில் ஒரே மாதிரிதான் தெரியும், பிரிக்க முடியாது. 10 மில்லிரேடியன் அளக்க ஆசைப்பட்டுவிட்டு லென்ஸே 20 மில்லிரேடியனைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரை நொந்துகொள்வது? லென்ஸ் முன்னால் ஒரு ஐரிஸ் (சுருக்கி விரிக்கும் துளை) வைத்து, ஒளியை இழந்தாலும் பரவாயில்லை என்று சுருக்குங்கள். கூடவே மின்னழுத்தத்தின் அலைவும் முகட்டை அகலப்படுத்தும், மின்வழங்கி தரமானதாக இல்லையென்றால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

துணைப் பொருட்களில் நியான் விளக்குக்கு என் ஓட்டு. பெட்டியோடு சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பது பாதரச-ஆர்கான் விளக்கு, அது மொத்த எல்லைக்கும் நல்லதுதான், ஆனால் அதன் பலமான கோடுகள் 579க்குப் பிறகு 696இல்தான் மறுபடி வருகின்றன, எச்-ஆல்ஃபா நடுவில் அநாதையாக நிற்கும். நியானில் 650.7, 653.3, 659.9, 667.8 என்று இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது. விலையும் குறைவு. கற்றை வேலைக்கு இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். விகிதம் போடுகிறவர்களுக்கு மட்டும் உணர்திறனைத் திருத்த ஹாலஜன் விளக்கும், அதன் ஒளியைச் சீராகப் பரப்பும் கோளமும் கட்டாயம், ஏனென்றால் சிசிடி 486இல் பார்ப்பதும் 852இல் பார்ப்பதும் ஒன்றல்ல, அதோடு ஜன்னலில் சீசியம் படிந்து கண்ணாடி மங்கிக்கொண்டே வரும். ஜன்னல் மங்கியதைப் பிளாஸ்மா மங்கியது என்று படிக்காமலிருக்க ஒரு ஷட்டர் வைத்து, அளக்காத நேரத்தில் மூடிவிடுவது நல்லது.

விற்பனைக்குப் பிந்தைய சேவை சுமார். மறுதிருத்தத்துக்கு அனுப்பினால் வெளிநாடு போய், சுங்கத்தில் ஓய்வெடுத்துவிட்டு, வாரக்கணக்கில் கழித்துத் திரும்பி வருகிறது. நடுவில் கேட்டால் ஒரே பதில்தான், டிராக்கிங்கில் பாருங்கள். திருத்தத்தை நாமே செய்யக் கற்றுக்கொண்டால் அனுப்ப வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. பெட்டி உழைப்பதில் குறை சொல்ல முடியாது. பிரேக்டவுன், தூசி, குஜராத் வெயில் எல்லாம் பார்த்தும் இதுவரை ஒரு பிக்சல்கூடச் சாகவில்லை, அறை வெப்பநிலைக்கு ஏற்பக் கோடு கொஞ்சம் நகர்வது மட்டும் எப்போதும் இருக்கும்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், புதிதாக அயனி சோர்ஸ் வைக்கும் எந்தக் குழுவும் முதல் வருடமே இதை வாங்கிவிட வேண்டும், யோசிக்கவே வேண்டாம். 350 முதல் 1000 மாடல், வடிகட்டியோடு. கற்றையை வெளியே எடுக்கும் கட்டத்துக்கு வந்த குழு, இருக்கும் பணத்தில் குட்டிப் பெட்டியின் மூன்று மாடல்களை வாங்கி அடுக்காமல், ஒரு வருடம் காத்திருந்தாவது பெரிய கருவிக்குப் போவது மேல், அதுவரைக்கும் குறுகிய மாடலைக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். கோட்டேஷன் கேட்கும்போது ரெசல்யூஷன் என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த விளக்கின் எந்தக் கோட்டில், எந்தப் பிளவோடு, பாதி உயரத்தில் எத்தனை நானோமீட்டர் அகலம் என்று கேட்டு, அந்த ஸ்பெக்ட்ரத்தைக் கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.